நாஷ்வில் நாட்குறிப்பு: எழுதியவளே பாடும் மாலை

வியாழன்

அட்லாண்டாவிலிருந்து, 'கண்ட்ரி' என்னும் அமெரிக்கக் கிராமிய இசையின் தலைநகரான நாஷ்வில் ஏறத்தாழ 250 மைல். அக்காதான் ஓட்டினாள். சட்டனூகா தாண்டி மலைப்பாதை ஏறும்போது பெரிய லாரிகள் எல்லாம் வலது ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்தன. வழியில் நேர மண்டலம் மாறி, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. நிதானமாகவே வந்து சேர்ந்தோம்.

வந்ததே சனிக்கிழமை மாலைக்காகத்தான். ப்ளூபேர்ட் கஃபேயில் நான்கு பெண்கள் தாங்களே எழுதிய பாட்டுகளைத் தாங்களே பாடுகிறார்கள். தொண்ணூறு பேர் உட்காரக்கூடிய இடம். முன்பதிவு திறந்த சில நிமிஷங்களில் இடம் தீர்ந்துவிடும் என்பதால் அக்கா அலுவலகத்தில் மீட்டிங்கை ஒத்திப்போட்டுவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்து இரண்டு இடம் பிடித்தாள். மற்ற நாட்களை அதைச் சுற்றி நான் நிரப்பிக்கொண்டேன்.

மாலை ப்ராட்வே தெரு. மாடிக்கு மாடி பார், ஒவ்வொரு மாடியிலும் ஒரு பேண்ட். ஜன்னல்களைத் திறந்தே வைத்திருக்கிறார்கள், நாலு பாட்டு ஒரே சமயத்தில் தெருவில் வந்து விழுகிறது. பல இடங்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. பாடுகிறவர்களுக்கு வருமானம் பெரும்பாலும் மேடை ஓரத்து வாளியில் விழும் டிப்ஸ். ஒரு பாரில் ஒரு பெண் ஃபிடில் வாசித்துக்கொண்டே பாடினார். குரலும் கையும் அப்படிப் பழகியவை. பாடியதெல்லாம் கூட்டம் கேட்ட ஹிட் பாட்டுகள். இடைவேளையில் அக்கா வாளியில் பத்து டாலர் போட்டுவிட்டு, "உங்க சொந்தப் பாட்டு ஒண்ணு பாடுங்களேன்" என்று கேட்டாள். அவர் சிரித்தார். இங்கே வருகிறவர்கள் ஏற்கெனவே தெரிந்த பாட்டோடு சேர்ந்து கத்துவதற்காக வருகிறார்கள், சொந்தப் பாட்டைப் பாட வேறு இடம் இருக்கிறது என்றார். எந்த இடம் என்று நாங்கள் கேட்கவில்லை. தெரிந்துதானே வந்திருக்கிறோம்.

அந்தத் தெருவிலேயே ஊதா நிறச் சுவரோடு டூட்ஸீஸ் இருக்கிறது. டூட்ஸி பெஸ் என்ற பெண்மணி 1960-ல் வாங்கி நடத்திய மதுக்கடை. ரைமன் அரங்கத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு சந்துதான். கையில் காசில்லாத பாட்டெழுத்தாளர்களுக்குச் சாப்பாடும் பீரும் கடனுக்குக் கொடுத்து, கடன் சீட்டுகளைச் சுருட்டுப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாராம். இந்த ஊரின் பாட்டுச் சரித்திரத்தைப் புரட்டினால் மேடையில் நின்றவர்களின் பெயர்தான் முதலில் வரும். எனக்கு இந்தக் கடன் சீட்டுகள்மீதுதான் ஆர்வம்.

வெள்ளி

காலையில் ரைமன். 1892-ல் ஜெபக்கூடமாகக் கட்டியது. கப்பல் கம்பெனி நடத்திய தாமஸ் ரைமன், ஒரு பிரசங்கத்தில் மனம் மாறி இதற்கு முன்நின்றார். இன்றைக்கும் உட்காருவதற்கு மர பெஞ்சுகள்தான். 1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சி இங்கிருந்துதான் ஒலிபரப்பாயிற்று. நடுப் பெஞ்சு ஒன்றில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். மேடையில் யாரோ மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சாதாரணமாகப் பேசியதே பின்வரிசை வரை தெளிவாக வந்தது.

இந்த அரங்கத்தைக் காப்பாற்றியவர் லூலா நாஃப். சுருக்கெழுத்து வேலைக்காக வந்தவர். அவர் வேலை பார்த்த நிறுவனம் மூடிய பிறகு, அரங்கத்தைத் தானே வாடகைக்கு எடுத்து நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்தார். 1920-ல் அதிகாரபூர்வமாக மேலாளர், 1955-ல்தான் ஓய்வு. கடிதங்களில் 'எல்.சி. நாஃப்' என்றே கையெழுத்து. எதிர்ப்பக்கத்தில் இருக்கிறவன் இது பெண் என்று தெரிந்தால் பேரத்தில் ஏறிமிதிப்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1939-ல் ஒரு நாடகத்தை நிறுத்த நகரத் தணிக்கைக் குழு முயன்றபோது நீதிமன்றம் போய் ஜெயித்திருக்கிறார். அவர் படத்துக்கு முன்னால் அக்கா ரொம்ப நேரம் நின்றாள். கட்டுமானக் கம்பெனியில் இருபது வருஷமாக ஒப்பந்தம் பேசுகிறவள் அவள்.

வெளியே லொரெட்டா லின் சிலை. 2020-ல் வைத்தார்கள், 2022-ல் அவர் இறந்தார். கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். பதினைந்து வயதில் கல்யாணம். வரிசையாகக் குழந்தைகள். கணவர் வாங்கித் தந்த 17 டாலர் கிதாரில் தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டு, தானே எழுதிய பாட்டோடு 1960-ல் முதல் இசைத்தட்டு. தட்டுகளைக் காரில் போட்டுக்கொண்டு வானொலி நிலையம் நிலையமாகப் போய் நின்றார்கள். 1972-ல் கண்ட்ரி மியூசிக் அசோசியேஷன் ஆண்டின் சிறந்த கலைஞர் என்று தந்த உச்ச விருதை வாங்கிய முதல் பெண் அவர். எழுதியது எல்லாம் சமையலறை, பிரசவம், குடித்துவிட்டு வரும் புருஷன். இதையெல்லாம் பாட்டில் எழுதலாமா என்று அவர் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

மதியம் கண்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம். ஒரு நாள் போதாது. பளபளக்கும் கார்களையும் உடைகளையும் வேகமாகக் கடந்து ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் வந்து நின்றேன். கண்ட்ரி இசையின் ஆரம்பகாலக் குழுவான கார்ட்டர் குடும்பத்தின் மேபெல் கார்ட்டர் வாசித்த கிதார். 1928 மாடல் கிப்ஸன், 275 டாலர். அந்தக் காலத்தில் வேலை செய்கிறவன் பல மாதம் சேர்த்தாலும் கைக்கு வராத தொகை. வளைந்த மேற்பலகை, வயலினில் இருக்கிற மாதிரி எஃப் வடிவத் துளைகள். தந்திகளுக்குக் கீழே வார்னிஷ் தேய்ந்துபோயிருக்கிறது.

மேபெலின் வாசிப்பு முறை எளிதாகத் தோன்றும், கைக்கு வர நாளாகும். கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டை வாசித்துக்கொண்டே, மற்ற விரல்களால் மெல்லிய தந்திகளை வருடித் தாளம் போடுவது. அதுவரை பின்னணியில் தாளத்துக்கு மட்டும் இருந்த கிதாரை அவர் முன்னால் கொண்டுவந்தார். 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் ஊரில் கார்ட்டர் குடும்பம் முதன்முதலாக ஒலிப்பதிவுக்குப் போனபோது மேபெலுக்கு வயது பதினெட்டு, நிறைமாதத்தை நெருங்கிய வயிறு. குரல் மேபெலின் உறவுக்காரப் பெண் சாராவுடையது, கிதார் மேபெலுடையது. பாடல்களின் உரிமையில் பெரும்பாலும் சாராவின் கணவர் ஏ.பி. கார்ட்டர் பெயர். மலைக்கிராமங்களில் அலைந்து பாட்டுகளைத் திரட்டியது அவர் உழைப்புதான், மறுக்கவில்லை. இருந்தாலும் அந்தத் தேய்ந்த வார்னிஷைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை.

ராத்திரி ஹோட்டலில் அக்காவுக்குத் தக்காளிக் கதையைச் சொன்னேன். 2015-ல் ஒரு வானொலி ஆலோசகர் வெளிப்படையாகவே சொன்னார்: கண்ட்ரி நிலையம் நேயர்களைத் தக்கவைக்க வேண்டுமானால் பெண்கள் பாட்டைக் குறைக்க வேண்டும், ஆண் பாடகர்கள் சாலட்டில் கீரை, பெண்கள் நடுவில் கிடக்கும் தக்காளி. இரண்டு பெண்கள் பாட்டை அடுத்தடுத்துப் போடக் கூடாது என்பது அதற்கும் பல வருஷம் முன்பிருந்தே எழுதப்படாத விதி. அந்த விதியில் வெறுத்துப்போய்த்தான் கனடாவின் சாரா மெக்லாக்லன் 1997-ல் பெண்கள் மட்டுமே முதன்மையாக மேடையேறும் லிலித் ஃபேர் தொடங்கினார். டிக்கெட் விற்காது என்றார்கள். அந்த வருஷத்துச் சுற்றுப்பயண விழாக்களில் அதிகம் வசூலித்தது அதுதான்.

"நாளைக்கு நாலு பேரும் அடுத்தடுத்துத்தானே பாடப்போறாங்க?" என்றாள் அக்கா.

"சுத்திச் சுத்தி."

சனி

ப்ளூபேர்ட் நகர மையத்தில் இல்லை. சில மைல் தள்ளி ஹில்ஸ்பரோ பைக் சாலையில், வரிசையாக இருக்கும் சின்னக் கடைகளுக்கு நடுவில் ஒரு கதவு, மேலே நீல விதானம். தெரியாதவர் கடந்து போய்விடுவார். 1982-ல் ஏமி கர்லண்ட் என்ற பெண் சாப்பாட்டுக் கடையாகத்தான் திறந்தார். இசைக்கார நண்பர்கள் ஒரு மேடையும் இருக்கட்டும் என்றார்கள். மெல்லமெல்லச் சாப்பாட்டைவிட மேடைக்கே ஆட்கள் வந்தார்கள். 1985-ல் பாட்டெழுத்தாளர்கள் சிலர் மேடையை விட்டிறங்கி, அறையின் நடுவில் ஒருவரையொருவர் பார்த்து வட்டமாக உட்கார்ந்து முறைவைத்துப் பாடினார்கள். அந்த வட்டம் பிறகு ஊருக்கே பழக்கமாயிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ட்ரிஷா வாக்கர், ஆஷ்லி க்ளீவ்லண்ட், கேரன் ஸ்டேலி, பாம் டில்லிஸ் நால்வரும் பெண்களுக்கென்றே ஒரு வட்டம் தொடங்கினார்கள். 2008-ல் ஏமி இந்த இடத்தைப் பாட்டெழுத்தாளர் சங்கத்திடமே ஒப்படைத்தார். நல்ல விலை தரக்கூடிய வேறு யாருக்கோ கொடுத்திருந்தால் இந்நேரம் ப்ராட்வேயின் இன்னொரு மாடியாகியிருக்கும்.

உள்ளே போனதும் சுவர் முழுக்கப் புகைப்படங்கள். பின்பக்கம் தேவாலய பெஞ்சுகள். எங்கள் மேஜை வட்டத்தை ஒட்டி. என் முழங்காலுக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் நாற்காலிக்கும் ஒரு சாண். தொடங்குமுன் ஒருவர் வந்து சொன்னார்: பாட்டு நடக்கும்போது பேச்சு கிடையாது. இது இந்த இடத்தின் புகழ்பெற்ற சட்டம், உதட்டில் விரல் வைத்துச் சொல்லும் 'ஷ்ஷ்' என்பதைப் பனியனிலேயே அச்சடித்து விற்கிறார்கள். பரிமாறுகிறவர்கள் குனிந்து காதோடு கேட்டு ஆர்டர் எடுக்கிறார்கள்.

நான்கு பேர். மேடைப்பெயர் தேடி யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பதால் உட்கார்ந்த வரிசையிலேயே சொல்கிறேன். அறுபது தாண்டிய நரைமுடிக்காரர். அவருக்கு இடப்பக்கம் ராத்திரி ஷிஃப்ட் நர்ஸாக வேலை பார்க்கும் கறுப்பினப் பெண். எதிரில், உரக்கச் சிரிக்கும் ஒரு நாற்பது வயதுக்காரர். எனக்கு முன்னால் முதுகு காட்டி, இருபத்தைந்துகூட இருக்காது, நைலான் தந்திக் கிதாரோடு ஒரு பெண்.

நரைமுடிக்காரர் தொடங்கினார். பாட்டுக்கு முன் கதை சொல்வது இங்கே வழக்கம். அம்மா இறந்த பிறகு வீட்டை ஒழிக்கப் போனவர், ஃப்ரீஸரில் அம்மா வைத்திருந்த சூப் டப்பாக்களைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் அம்மா கையெழுத்தில் தேதி. ஒன்றைத் தவிர மற்றதை அண்ணன் தம்பிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார். மிச்சமிருக்கும் அந்த ஒன்றைப் பற்றித்தான் பாட்டு. பாட்டில் 'அம்மா' என்ற சொல்லே வரவில்லை. தேதியும், மூடியில் படிந்த பனியும், கரண்ட் போய்விட்ட ஒரு ராத்திரி அந்த டப்பாவுக்காக அவர் ஐஸ் வாங்க ஓடியதும் மட்டும்தான். மூன்றாம் சரணத்தில் குரல் உடைந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை, உடைந்த இடத்திலிருந்தே அடுத்த அடியை எடுத்தார். பயிற்சி பெற்ற பாடகி ஒருவருக்கு இதே பாட்டைக் கொடுத்தால் அந்த இடத்தை அழகாகப் பாடிவிடுவார். இவருக்கு அது அழகாகப் பாட வேண்டிய இடமாகவே இல்லை.

அந்தச் சரணத்தில் இன்னொன்று நடந்தது. பக்கத்திலிருந்த நர்ஸ் அந்தப் பாட்டை முன்பு கேட்டதேயில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் கூடப் பாடினார், ஒரு படி மேலே, சொற்கள் இல்லாமல். கண்கள் நரைமுடிக்காரரின் இடது கைமேல். அடுத்த கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டும் கூட்டு) எதிர்பாராதது என்றால் நரைமுடிக்காரர் தந்தியை விட்டு வலது கை விரல்களைச் சட்டென்று காட்டுவார்: நான்கு, ஆறு. இந்த ஊரில் கார்டுகளை எழுத்தால் எழுதாமல் எண்ணால் எழுதுகிறார்கள், 1950-களின் கடைசியில் ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறந்த முறை. ஆதார சுருதி எதுவானாலும் ஒன்று ஒன்றுதான், ஐந்து ஐந்துதான். நம் ச, ப போலத்தான், கட்டை மாறினாலும் பெயர் மாறாது. அதனால்தான் முன்பின் தெரியாத பாட்டுக்கும் ஒருவர் உடனே துணை சேர முடிகிறது.

நர்ஸ் பாடியது ஆஸ்பத்திரி கார் பார்க்கிங் பற்றி. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போவதற்கு முன் காரிலேயே இருபது நிமிஷம் உட்கார்ந்திருப்பாராம். அவர் பாட்டுகள் எல்லாம் அங்கே எழுதியவை. இதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் முகத்தில் படும் என்றார். பாட்டில் வரிகள் குறைவு. ஸ்டியரிங்கில் விரலால் தட்டும் தாளத்தை அப்படியே கிதார் பலகையில் தட்டிக்கொண்டே பாடினார். நடுவில் லிண்டா மார்டெல்லை நினைவுகூர்ந்தார். 1969-ல் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண். "அவர் கதவைத் திறந்தார், கதவு அவர் பின்னாலேயே சாத்திக்கொண்டது" என்றார். அறையில் இரண்டு மூன்று பேர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.

மூன்றாமவர் வந்து இறுக்கத்தைத் தளர்த்தினார். விட்டுப்போன கணவன் ஆறு மாதம் கழித்து டூல் பாக்ஸை எடுக்க வருகிறான். அதற்குள் அவள் அந்த ஸ்பானர்களை வைத்து வீட்டில் எல்லாவற்றையும் தானே சரிசெய்து பழகிவிட்டாள். ஒவ்வொரு கருவியாகப் பெயர் சொல்லி, இதை வைத்து இதைச் செய்தேன் என்று பட்டியல் போட்டுப் போகிற பாட்டு. கடைசியில் பெட்டியைக் கொடுக்கிறாளா என்பதை ஒவ்வொரு ஊரிலும் மாற்றிப் பாடுவாராம். எங்கள் மேஜையில் இருந்த வயதான அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பேசக்கூடாதே தவிரச் சிரிக்கலாம்.

அந்த இளம்பெண்ணுக்குக் கதை சொல்ல வரவில்லை. "இது என் தங்கைக்கு" என்று மட்டும் சொன்னார். இரண்டே கார்டு. பல்லவி என்று எதுவும் திரும்ப வரவில்லை. தங்கைக்கு அனுப்பிப் பதில் வராத குறுஞ்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக, பிறந்தநாள் வாழ்த்து, நாய்க்குட்டி படம், அப்பாவுக்கு ஆபரேஷன், பனி பெய்கிறது. நான் அவர் முதுகுப்பக்கம் இருந்ததால் முகம் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் தோள்பட்டை. ஒவ்வொரு அடிக்கும் முன் அது ஏறும், மூச்சு உள்ளே போகும் சத்தம்கூடக் கேட்கும், பிறகு அடி வரும். ஓர் இடத்தில் தோள் ஏறியது, அடி வரவில்லை. கிதார் மட்டும் அந்த இரண்டு கார்டில் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்த நரைமுடிக்காரர் தன் கிதாரில் அதையே மெதுவாகப் பிடித்துக்கொண்டார், அவசரமில்லை என்று சொல்கிற மாதிரி. ஒரு சுற்று, இரண்டு சுற்று. அப்புறம் பாட்டு தொடர்ந்தது.

ப்ராட்வேயில் இந்த இரண்டு சுற்றுக்கு இடமில்லை. கத்துகிற கூட்டத்துக்கு முன்னால் ஓர் அடி வராமல் நின்றால் அது பிழை. இங்கே தொண்ணூறு பேர் அதற்குக் காத்திருந்தார்கள், அதனால் அது பாட்டின் பகுதியாயிற்று. பாட்டில் உணர்ச்சி என்றால் கையை விரித்துக் கண்ணை மூடிப் பாடுவது என்று டி.வி. போட்டிகள் நமக்குப் பழக்கிவிட்டிருக்கின்றன. நால்வரில் ஒருவரும் குரலை ஏற்றிக் கைத்தட்டல் கேட்கவில்லை. அவரவர் சொல்லுக்கு எவ்வளவு குரல் வேண்டுமோ அவ்வளவு.

வட்டம் ஐந்தாறு முறை சுற்றி வந்தது. எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். மூன்றாமவரின் இரண்டு பாட்டுகள் வானொலிக்காக அளந்து வெட்டியவை என்று பட்டது. நர்ஸின் கடைசிப் பாட்டுக்கு நால்வரும் சேர்ந்தார்கள்.

காருக்கு வந்ததும் அக்கா சாவியைப் போடாமல் கேட்டாள்: "அந்த சூப் டப்பாவ அவங்க எப்பவாச்சும் திறப்பாங்களா?"

"திறந்தா பாட்டு முடிஞ்சிடுமே."

"நான்னா திறந்து சாப்டுடுவேன்டீ. அம்மா அதுக்குத்தானே செஞ்சு வெச்சாங்க."

இதைப் பற்றியே ஹோட்டல் வரை வாக்குவாதம். அக்கா சொல்வதுதான் சரியோ என்று இதை எழுதும்போது தோன்றுகிறது.

ஞாயிறு

மதியம் மியூசிக் ரோ. 16, 17ஆம் அவென்யூக்களில் வீடுகள் மாதிரியே இருக்கும், பாட்டுகளின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பு நிறுவனங்கள். ஞாயிற்றுக்கிழமையானதால் அமைதி. வாரநாட்களில் காலை பத்து மணி, பதினோரு மணி என்று நேரம் குறித்துக்கொண்டு இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து பாட்டு எழுதுகிற வீதி இது.

எழுதுவதற்கு இங்கே இத்தனை மதிப்பு ஏன் என்பதற்குக் காசுக் கணக்கும் உண்டு. அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும். பாடியவருக்குக் கிடையாது. இசைத்தட்டு விற்றால் ஒரு பாட்டுக்கு எழுத்தாளர் தரப்புக்கு இவ்வளவு என்று சட்டமே தொகை வைத்திருக்கிறது. 1909-ல் 2 சென்ட். 1978 வரை அதே 2 சென்ட்! 2023-ல் 12 சென்ட் ஆயிற்று. குரல் மட்டும் வைத்திருக்கிற பெண்ணுக்கும் பாட்டையும் வைத்திருக்கிற பெண்ணுக்கும் முதுமையில் தெரியும் வித்தியாசம்.

கண்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் அதை முன்பே உணர்ந்தவர். தன்னை வளர்த்துவிட்ட நிகழ்ச்சித் தலைவரிடமிருந்து பிரியும்போது விடைபெறும் விதமாக அவர் எழுதிய பாட்டு 1974-ல் வெளிவந்தது. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்று எல்விஸின் மேலாளர் கேட்டார். டாலி மறுத்தார், அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1992-ல் விட்னி ஹியூஸ்டன் அதே பாட்டைப் பாடி உலகம் முழுவதும் ஒலித்தபோது உரிமை முழுதாக டாலியிடம் இருந்தது. இருபத்தெட்டு வயதில் எல்விஸுக்கு 'முடியாது' சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

நம் பக்கத்தில் எழுதுவது ஒருவர், மெட்டமைப்பது ஒருவர், பாடுவது ஒருவர். சினிமா அப்படிப் பழக்கியிருக்கிறது, அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. மூவரும் பொருந்தி வந்த பாட்டுகளில்தான் நான் வளர்ந்தேன். ஆனால் எழுதியவளே பாடுவது நமக்குப் புதிதில்லை. ஆண்டாள் இருக்கிறாள். அதைவிடப் பக்கத்தில் என் அத்தை இருக்கிறார்.

அப்பா இறந்தபோது அத்தை பாடிய ஒப்பாரி எனக்கு அடியடியாக நினைவில் இருக்கிறது. ராத்திரி, அங்கே விடிந்திருந்த நேரத்தில், போன் போட்டேன்.

"அத்த, அப்பாவுக்குப் பாடுனீங்கள்ல, அதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது?"

"யாருடீ சொல்லிக் குடுப்பா? மெட்டு எங்கம்மா பாடிக் கேட்டது. சொல்லு அப்பப்ப வாயில வர்றதுதான். உங்கப்பன் அந்த ஓட்டை சைக்கிள்ல என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனானே, அது நெனப்பு வந்துச்சு, பாடுனேன்."

"இப்ப ஒரு நாலு அடி பாடுங்களேன்."

"சும்மா இருக்கையில ஒப்பாரி பாடக்கூடாது கண்ணு. வீட்டுக்கு ஆகாது." கொஞ்சம் விட்டு, "ஏன், அங்க வெள்ளக்காரியும் ஒப்பாரி வெக்கிறாளா?"

ஆமாம் என்றேன். சூப் டப்பா பாட்டைச் சொன்னேன். அத்தை உடனே கேட்டார், "ஐஸ் வாங்க ஓடுனது பாட்டுல வருதா?" வருகிறது என்றதும், "அப்ப நல்லாத்தான் கட்டியிருக்கா" என்றார்.

அத்தை கட்டிய அத்தனையும் சாவு வீடுகளில் மட்டுமே கேட்டவை. கேட்டவர்கள் எல்லோரும் அப்போது அழுதுகொண்டிருந்தவர்கள். அவர் சொற்களை அவருக்காகவே ஒருமுறை பேசாமல் உட்கார்ந்து கேட்க ஓர் அறை எங்கள் ஊரில் இல்லை. அவர் நம்பிக்கையை மீறிப் பாடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. அடிகளை மட்டும் சொல்லச் சொன்னேன், மெட்டில்லாமல், பேச்சாக. அதற்கு ஒத்துக்கொண்டார். சைக்கிள் பகுதியை நான் எழுதிக்கொண்டேன், மிச்சத்தை ஊருக்குப் போய் வாங்க வேண்டும்.

திங்கள்

ப்ளூபேர்டில் திங்கட்கிழமை யார் வேண்டுமானாலும் பாடலாம். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், வாய்ப்பு வந்தால் ஓரிரு பாட்டு. வாசலில் கிதார் உறைகளோடு வரிசை. கல்லூரிப் பெண்கள், ஒரு லாரி ஓட்டுநர், ஓய்வுபெற்ற ஆசிரியர். பாடியதில் பாதி சுமார்தான். முதல் பாட்டு அப்படித்தான் இருக்கும். அறை மட்டும் சனிக்கிழமை போலவே கேட்டது, அதே சட்டம், அதே அமைதி.

ஒரு பெண் மேடைக்கு வந்து சுருதியை உயர்த்தக் கிதார் கழுத்தில் மாட்டும் கவ்வியான கேப்போவை மூன்றாம் ஃப்ரெட்டில் போட்டார், எடுத்தார், ஐந்தில் போட்டார். அவர் வேலை பார்க்கும் சலவைக் கடையில் பைகளிலிருந்து கிடைக்கும் பொருட்களைப் பற்றிய பாட்டு: ரசீது, பல், ஒரு மோதிரம், இரண்டாக மடித்த மன்னிப்புக் கடிதம். சரணங்கள் பிரமாதம். பல்லவி தேய்ந்த சொற்களால் ஆனது, கேட்டதும் மறந்துவிடும். அக்கா என் காதில் சொல்ல வாயெடுத்து, சட்டம் நினைவுக்கு வந்து நாப்கினில் எழுதினாள்: 'கடிதம் யாருக்கு?'

முடிந்ததும் வாசலில் அந்தப் பெண்ணிடம் இதையே கேட்டோம். அவருக்கும் தெரியவில்லையாம், அதைத்தான் பல்லவியில் வைக்கப் பார்த்தேன், வரவில்லை என்றார். பக்கத்தில் நின்றிருந்த நடுவயதுப் பெண் ஒருவர், அவரும் அன்றைக்குப் பாடியவர், திரும்பி, "கடிதத்தைக் கடைசிச் சரணத்துக்குத் தள்ளு, பல்லவியில் அந்தப் பையை மட்டும் வை" என்றார். இருவரும் அங்கேயே நின்று மடமடவென்று பேச ஆரம்பித்தார்கள். எங்களை மறந்தே போனார்கள். கடைசியில் போனை எடுத்து நாள் குறித்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை, காலை பத்து மணி.